வைரமா, வெள்ளையா? மரம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தோதகத்திக் கட்டிலைப் (ரோஸ்வுட், ஈட்டி என்பதும் இதே மரம்தான்) பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோதகத்தியைத் தொடவே இல்லை, எல்லாரும் செம்மரத்தைத்தான் கேட்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு அந்த மரத்தின் மேல் இருக்கிற ஆசையும் பயமும் எனக்குத் தெரியாததல்ல. முப்பது வருடம் மரக்கடையில் உட்கார்ந்தவன் நான், வாரத்துக்கு ஒருவராவது வந்து காதோடு காதாக "செம்மரம் இருக்குங்களா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சரி, கடிதங்களுக்குப் போவோம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு விவசாயி: ஐயா, எங்கள் அப்பா வரப்போரத்தில் 24 வருடத்துக்கு முன் நட்ட செம்மரம் ஆறு நிற்கிறது. ஒரு தரகர் வந்து, இதில் இரண்டு மரம் அலை ரேகை மரம், ஜப்பான்காரன் எடுத்துக்கொள்வான், டன் ஒரு கோடி போகும் என்கிறார். பர்மிட் செலவுக்கு முதலில் நாங்கள் 40,000 ரூபாய் தரவேண்டுமாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மரம் வாங்க வருகிறவர் நம் கையில் பணம் வைப்பதுதான் உலக வழக்கம், நம்மிடம் பணம் கேட்கிறவர் மரம் வாங்க வரவில்லை. இதோடு பதிலை முடித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த அலை ரேகை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் வேறொருவர் வருவார்.

செம்மரத்தில் நார் நேராக ஓடுகிற மரமும் உண்டு, அலையலையாக ஓடுகிற மரமும் உண்டு. இரண்டும் ஒரே இனம். முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த கருத்த பட்டை, ஒரு காம்பில் மூன்று மூன்றாக இலை, நடுவில் விதை வைத்த சின்ன அப்பளம் போன்ற காய், கீறினால் ரத்தம் போல வடிகிற பிசின், எல்லாம் இரண்டுக்கும் பொது. பக்கத்து பக்கத்தில் நிற்கிற இரண்டு மரத்தில் ஒன்று அலை, ஒன்று நேராக இருக்கும். சைக்கிளை நிறுத்திவிட்டு ரோட்டில் நின்றபடியே "இது அலை மரம்" என்று சொல்ல யாராலும் முடியாது. பட்டையைச் செதுக்கி, உள்ளே கொஞ்சம் கட்டையைப் பிளந்து பார்த்தால் ஓரளவு தெரியும். அதுவும் அந்த ஓர் இடத்தின் சங்கதிதான், அடிமரத்தில் அலை இருந்து பத்தடிக்கு மேல் நேராகிப் போவதும் நடக்கும். மொத்தத்தில் அலை மரம் கொஞ்சமே கொஞ்சம், அதனால்தான் அந்த விலை.

அடுத்து, 24 வருட மரத்தில் சிவப்பு எவ்வளவு இருக்கும் என்று அவரிடம் கேட்டீர்களா? விலை போவது வைரம், அதாவது நடுவில் சிவந்து இறுகிய பகுதி, மட்டுமே. சுற்றியுள்ள வெள்ளைக்கு விறகு விலை. வரப்போரத்தில் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்ந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த மரம் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், அறுத்தால் முக்கால்வாசி வெள்ளையாகவே இருக்கும். கடப்பா, சித்தூர்ப் பக்கக் கல்லாங்காட்டில் காய்ந்து கருகி நிற்கிற மரத்தோடு இதை ஒப்பிட்டு விலை பேசுவது நியாயமில்லை.

செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மரங்கள் உங்கள் பட்டா நிலத்தில்தான் நிற்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கல் என்கிற கிராமக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். நாளைக்கு வெட்டவும் வண்டியில் ஏற்றவும் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு முதல் கேள்வியே "உன் மரம் என்பதற்கு என்ன ஆதாரம்" என்பதுதான். அந்த வேலைக்கு 40,000 ரூபாய் ஆகாது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் இசை ஆசிரியை: அலை ரேகை என்கிறீர்களே, அது என்ன? ஜப்பான் வாத்தியத்துக்கு நம் ஊர்ப் பக்கத்து மரம் போகிறது என்பது உண்மையா?

உண்மைதான் அம்மா. ஷாமிசென் என்று மூன்று தந்தி வாத்தியம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அதன் நீண்ட கழுத்துக்கு உயர்ந்த ரகம் என்றால் நம் செம்மரம்தான். நம் வீணைக்குப் பலா எப்படியோ அப்படி. அதிலும் அலை ஓடிய கட்டைக்குத் தனி மவுசு. சீனாக்காரர்கள் வேறு கதை, அங்கே பழைய அரண்மனை நாற்காலி மேசையெல்லாம் இந்த மரத்தில் செய்தார்கள், இந்த மரத்துக்காகவே பெய்ஜிங்கில் 1999-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மரம் விளைவதோ உலகத்திலேயே நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டும், பெரும்பகுதி ஆந்திராவில், ஓரமாகக் கொஞ்சம் நம்மிடம்.

அலை என்பது இதுதான். மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனிக்கு நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகும். இறுகப் பின்னிய ஜடையை மறுநாள் அவிழ்த்தால் கூந்தல் நெளிநெளியாக நிற்குமே, அதேதான். அந்தக் கூந்தலில் வெளிச்சம் பட்டால் ஒரு மேடு மின்னும், அடுத்த பள்ளம் கறுக்கும். தலையைத் திருப்பினால் மின்னுகிற இடம் மாறும். பலகையிலும் அப்படியே. கையால் தடவினால் கண்ணாடி போல வழவழப்பு, கண்ணால் பார்த்தால் மேடு பள்ளம். வைடூரியக் கல்லில் ஒரு வெளிச்சக் கோடு நகருமே, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: உள்ளே வரிசையாகக் கிடக்கும் நார் மேல் வெளிச்சம் விழுந்து திரும்புவது. இதே நெளிவைப் பிளந்து பார்த்தால் தகரக் கூரை மாதிரி வரிவரியாகக் கையில் தட்டுப்படும்.

என் அப்பாவிடம் முழ நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தது. ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது உத்தரத்துக்கு அண்டைக் கொடுத்திருந்த கட்டை அது, புகையேறிக் கரிக்கட்டை மாதிரி இருந்தது. ஓரத்தை ஒரு சீவு சீவினார், உள்ளே சாயப்பட்டறைச் சிவப்பு. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சாய்த்துக் காட்டினார். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. கட்டைக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றே நினைத்தேன், விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன், ஈரமில்லை.

தருமபுரி நகரிலிருந்து ஒரு வாசகி: பாட்டியிடமிருந்து வந்த மரப்பாச்சி ஜோடி இருக்கிறது. செம்மரமா, தோதகத்தியா, வேறு மரத்துக்குச் சாயம் அடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொலுவுக்கு முன் தெரிந்தால் நல்லது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீரில் பொம்மையை மெல்ல விடுங்கள். செம்மர வைரம் தண்ணீரைவிடக் கனம், கல்லு மாதிரி அடியில் போய் உட்காரும். ஒரு கன அடி செம்மரம் ஏறக்குறைய 31 கிலோ வரும், தோதகத்தி 24 கிலோவுக்குள், தேக்கு 18, 19 கிலோ. அதனால் தோதகத்தியும் தேக்கும் மிதக்கும். மூழ்கினால் பாதி உறுதி. உடனே எடுத்துத் துடைத்துவிடுங்கள், ஊறவிட வேண்டாம்.

மீதி பாதிக்கு, காலடியில் யாரும் பார்க்காத இடத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டிச் சிராய் எடுங்கள். மேல் தோலைத் தள்ளிவிட்டு உள்ளேயிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாலிஷைத்தான் சோதிப்பீர்கள். அதை ஒரு ஸ்பூன் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போடுங்கள். செம்மரத்தின் சிவப்புச் சாயம் பச்சைத் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, ஸ்பிரிட்டில் நன்றாக இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஸ்பூன் சிவந்துவிடும். தோதகத்தி என்றால் சிராயே பழுப்பும் ஊதாவுமாக, கருங்கோடோடு இருக்கும். வாசனையை வைத்துப் பார்க்காதீர்கள். செஞ்சந்தனம் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அதில் சந்தன வாசனை கிடையாது.

இன்னொன்று. மரப்பாச்சியைக் கல்லில் இழைத்துக் குழந்தைக்குப் பற்றுப் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இப்போது கடைத்தெருவில் வாங்குகிற பொம்மைகள் பல சாயமும் வார்னிஷும் அடித்தவை. அவற்றை இழைத்துப் பிள்ளை மேல் தடவ வேண்டாம்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர்: காற்றில் சாய்ந்த பழைய மாமரம் ஒன்று ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. அறுவை மில்லில் போட்டால் பலகை முழுக்கக் கறுப்புக் கோடு, வரைபடம் போட்ட மாதிரி. கெட்டுப்போன மரம், விறகுக்குக் கொடுத்துவிடு என்கிறார்கள். என்ன செய்ய?

விறகுக்குக் கொடுக்காதீர்கள், முதலில் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்கள்!

அது பூஞ்சை போட்ட கோலம். சாய்ந்த மரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சைகள் ஏறும், ஒன்று மற்றதன் எல்லைக்குள் வராதபடி வேலி போடும், அந்த வேலிதான் கறுப்புக் கோடு. வரப்புத் தகராறு மாதிரிதான். வெளிநாட்டில் இதற்கென்றே கட்டையை ஈரத்தில் போட்டு வைத்துப் பிறகு கிண்ணமும் தட்டும் கடைகிறார்கள், நாம் அடுப்பில் வைக்கிறோம். செம்மர அலையைப் போல இது மரத்தின் பிறவிக் குணம் அல்ல, இடையில் வந்தது, ஆனால் கண்ணுக்கு அழகு அழகுதானே.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் மக்கிவிட்டது, அந்தப் பகுதியைக் கழித்துவிடுங்கள். கெட்டியாக இருக்கிற பலகைகளை நிழலில், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாதபடி இடையில் மெல்லிய ரீப்பர்க் கட்டை கொடுத்து அடுக்குங்கள். காய்ந்தால் பூஞ்சை தானாக நின்றுவிடும். ஓர் அங்குலப் பலகைக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். மாமரத்தில் துளைப்பான் வண்டு சீக்கிரம் விழும், மாவு மாவாகக் கொட்டும், அதனால் பலகை பச்சையாக இருக்கும்போதே வெண்காரமும் போரிக் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பது நல்லது. இழைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், பூஞ்சைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

ஓசூரிலிருந்து ஓர் ஐ.டி. ஊழியர்: ஆன்லைனில் "சாலிட் ரோஸ்வுட்" சாப்பாட்டு மேசை வாங்கினேன். ரேகை அற்புதமாக இருக்கிறது. ஆசாரி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். ஏன்?

மேசையின் மேல்பலகையில் ஓடுகிற கோடு ஓரத்தில் மடிந்து கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். முழு மரம் என்றால் நீளவாட்டில் ஓடிய கோடு, பலகை முனையில் வளையமும் புள்ளியுமாக முடியும். வெனீர் என்கிற, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் என்றால் முனையில் வேறு கதை, அல்லது பட்டை அடித்து மறைத்திருப்பார்கள். ஒரே சித்திரம் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பத் திரும்ப வந்தாலும் வெனீர்தான். வெனீர் ஒன்றும் குற்றம் இல்லை, அரை மில்லிமீட்டர் தோலில் நல்ல ரேகையைப் பத்து மேசைக்குப் பரப்பலாம். முழு மரத்தின் விலையை வாங்கியதுதான் குற்றம். தோதகத்திக்கு நம் மாநிலத்தில் 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள், அவ்வளவு அருகிப்போன மரம் ஒரு ஆறு பேர் மேசைக்கு அந்த விலையில் எப்படிக் கிடைக்கும்? பில்லில் "சாலிட்" என்று அச்சடித்திருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம்.

அரூர் பக்கத்திலிருந்து, பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியவர்: எங்கள் மலையிலிருந்து ஆட்களை வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள். மேஸ்திரி, கட்டட வேலை என்பார். போன பிறகுதான் கட்டை வெட்ட என்று தெரிகிறது. என் தம்பியையும் கூப்பிடுகிறார்கள். நீங்கள் மரம் தெரிந்தவர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தம்பியை அனுப்பாதீர்கள். 2015 ஏப்ரல் 7 காலையில் திருப்பதி பக்கம் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், சித்தேரி மலைப் பக்கத்தில் அந்த வீடுகள் இருக்கின்றன, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடாலி பிடிக்கிறவனுக்குக் கிடைப்பது கிலோக் கணக்கில் கூலி. அலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்து விலை வைக்கிறவன் எங்கோ ஏசி அறையில் இருக்கிறான், அவன் காட்டுக்குள் காலே வைப்பதில்லை. காட்டில் மாட்டினால் ஆந்திரச் சிறை, மொழி தெரியாத கோர்ட், ஜாமீனுக்கு நிலத்தை அடகு வைக்கிற அம்மா. எந்த ஊர், எந்த வேலை, யார் முதலாளி என்று மூன்றையும் சொல்லாமல், முன்பணம் மட்டும் தாராளமாகக் கொடுக்கிற மேஸ்திரியின் வண்டியில் ஏறவே கூடாது. இலவச சட்ட உதவி மையம் மாவட்ட நீதிமன்றத்திலேயே இருக்கிறது, ஏற்கனவே யாராவது உள்ளே இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: இரண்டு ஏக்கர் மானாவாரி. செம்மரக் கன்று நட்டால் 15 வருடத்தில் ஏக்கருக்கு ஒரு கோடி என்று விளம்பரம் பார்த்தேன். அலை மரத்து விதையில் எடுத்த கன்றாம், ஒரு கன்று 300 ரூபாய். நடலாமா?

நடுங்கள், ஆனால் அந்தக் கன்றையும் அந்தக் கணக்கையும் விட்டுவிட்டு நடுங்கள். அலை மரத்து விதை என்றால் அலை மரம்தான் வரும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. வந்ததா இல்லையா என்பது உங்கள் பேரன் மரம் அறுக்கிற அன்றுதான் தெரியும், அப்போது அந்த நர்சரி இருக்குமா? 15 வருடத்தில் விற்கிற மாதிரி வைரம் சேராது, 25, 30 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்ணும் சரளையும் கலந்த, தண்ணீர் நிற்காத நிலம் இதற்குப் பிடிக்கும். நம் மாவட்டத்து மழை போதும். முதல் இரண்டு மூன்று வருடம் கோடையில் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பது ஒரு வசதி.

விற்பனையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுச் செம்மரத்தை ஏற்றுமதி செய்யத் தடை. சைட்டீஸ் என்கிற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995-லிருந்து இந்த மரம் இருக்கிறது, அதாவது உரிய பர்மிட் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. 2004-லிருந்து இந்தியாவின் செம்மர வியாபாரத்தைத் தனியாகக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள், 2023 நவம்பரில்தான் அந்தக் கண்காணிப்பிலிருந்து நம்மை விடுவித்தார்கள். பட்டா நிலத்தில் வளர்த்தவருக்கு அதனால் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. இன்னொரு பக்கம், அழிந்துவரும் இனங்களுக்குப் பட்டியல் போடுகிற ஐ.யூ.சி.என். என்கிற உலக அமைப்பு இருக்கிறது, 2018-இல் அழிவு அபாயம் குறைந்த இனம் என்று மாற்றி எழுதிய அவர்களே 2021-இல் மறுபடி அருகிவரும் இனம் என்று எழுதிவிட்டார்கள். 30 வருடம் கழித்து எந்தச் சட்டம் இருக்கும் என்று நானும் சொல்ல முடியாது, அந்த விளம்பரக்காரரும் சொல்ல முடியாது. இரண்டு ஏக்கரையும் இதிலேயே போடாமல் வரப்பிலும் ஓரத்திலும் நட்டு, நடுவில் புளியோ சிறுதானியமோ போடுங்கள், வருடா வருடம் கையில் ஏதாவது வரவேண்டும் அல்லவா.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓர் இளம் ஆசாரி: அண்ணே, ஒரு வீட்டுக்கு வேங்கைப் பலகையில் கதவு செய்கிறேன். பலகையில் நல்ல அலை ஓடுகிறது, ஆனால் இழைப்புளி போட்டால் நாரைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பிய்க்கிறது. மெஷினில் போட்டேன், இன்னும் மோசம்.

தம்பி, எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் பிய்க்கத்தான் செய்யும். நார் ஏறி இறங்கி ஓடுகிறது, ஏறுகிற இடத்தில் நீ நாரோடு போகிறாய், இறங்குகிற இடத்தில் எதிர்த்துப் போகிறாய், ஓர் அங்குலத்துக்குள் இரண்டும் நடக்கிறது. மெஷினை மறந்துவிடு. இழைப்புளித் தகட்டை முடி சிரைக்கிற கூர்மைக்குத் தீட்டு. மேலே இருக்கிற இரண்டாவது இரும்பைக் கூர்முனைக்குத் தலைமுடி கனத்துக்கு நெருக்கி வை. சீவல் வெங்காயத் தோல் மாதிரி வரவேண்டும், அதற்குமேல் ஆசைப்படாதே. இழைப்புளியை நேராகத் தள்ளாமல் கோணலாகப் பிடித்துத் தள்ளு. பலகை மேல் ஈரத் துணியை ஒரு முறை ஓட்டிவிட்டு இழைத்தால் இன்னும் அடங்கும்.

கடைசிச் சுற்றுக்கு இழைப்புளியை வைத்துவிட்டுக் கண்ணாடித் துண்டை எடு. ஜன்னல் கண்ணாடி உடைந்தது போதும். புதிதாக உடைத்த ஓரம்தான் சீவும், நாலைந்து இழுப்பில் மழுங்கிவிடும், வேறு துண்டு எடுக்க வேண்டும். கையில் துணியைச் சுற்றிக்கொள். இரண்டு கட்டைவிரலாலும் லேசாக வளைத்த மாதிரி அழுத்தி, உன் பக்கம் சாய்த்து இழு. மாவு வந்தால் ஓரம் மழுங்கிவிட்டது, மெல்லிய சுருள் வந்தால் சரியாகப் போகிறது. அப்புறம் உப்புத்தாள் 180, 240 என்று ஏறு. பாலிஷ் பூசும்போது அலை எழுந்து வரும், வீட்டுக்காரரை அப்போது கூப்பிட்டுக் காட்டு, கூலியில் தகராறு வராது.

மேலே சொன்னேனே, அப்பாவின் அந்தச் செம்மரத் துண்டு, அதையும் அவர் கண்ணாடியால்தான் சீவினார், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. வீட்டு அலமாரிக் கண்ணாடியை அதற்காக உடைத்துவிட்டார் என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் துண்டில் இழைப்புளிக்குப் பிடி போட்டுக்கொண்டார். இப்போது அது என் கடையில் இருக்கிறது, வியர்வை பட்டுப் பட்டுக் கிட்டத்தட்டக் கறுத்துவிட்டது. சாயங்கால வெயில் உள்ளே வரும் நேரத்தில் வா, காட்டுகிறேன்.